சோறு வைக்கிறவர் பேர் வைக்கட்டும்

போன இதழில், பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்தில் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்டது ஒன்றைத்தான்: என்ன பேர் வைப்பது? பூனை வளர்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*அக்கா, எங்கள் சொசைட்டி பார்க்கிங்கில் கத்திக்கொண்டிருந்த ஆரஞ்சு நிறக் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். ஆண் குட்டி, மூன்று மாதம் இருக்கும் என்றார் டாக்டர். இன்னும் பேர் வைக்க முடியவில்லை. என் பையனும் பெண்ணும் 'ஆலிவர்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கணவருக்கு 'டைகர்' பிடித்திருக்கிறது. காலையில் மீன் வேகவைத்து முள் எடுத்துப் போடுவது மாமியார்தான். அவரோ, "வாயில நுழையாத பேரெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று 'டேய்' என்றே கூப்பிடுகிறார். கீழே வாட்ச்மேன் 'மனி' என்கிறார். தடுப்பூசி அட்டையில் பேர் போடும் இடம் காலியாக இருக்கிறது. நீங்களே ஒரு நல்ல பேர் சொல்லுங்கள்.*
*வாசகி, செம்பூர்*

பேரை நான் சொல்லப்போவதில்லை. யார் வைக்கவேண்டும் என்று சொல்கிறேன்: உங்கள் மாமியார்.

நமக்குப் பேர் என்றால் ரேஷன் கார்டில் ஏறுவது, நாலு பேர் கேட்டால் சொல்வது. பூனைக்கு அதெல்லாம் கிடையாது. தினமும் காதில் விழுகிற எத்தனையோ சத்தங்களில், எதற்குப் பின்னால் தட்டு வருகிறது, எதற்குப் பின்னால் மடி கிடைக்கிறது என்று அது கவனித்து வைத்துக்கொள்கிறது. தட்டு வைக்கிறவர் வாயில் அந்தப் பேர் தானாக வரவேண்டும். வராவிட்டால், மற்ற எல்லோரும் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும் குட்டி கற்றுக்கொள்ள நாளாகும்.

ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்சுகோ சைட்டோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2019-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். பூனையின் பேரைப் போலவே நீளமும் ஏற்ற இறக்கமும் உள்ள நாலு சாதாரணச் சொற்களை, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அதன் காதில் விழச் செய்தார்கள். கேட்கக் கேட்கப் பூனைக்கு அலுத்துப்போனது. ஐந்தாவதாக அதன் பேரைச் சொன்னதும் பல பூனைகள் காதைத் திருப்பின, தலையைத் திருப்பின. வேற்று ஆள் குரலில் சொன்னபோதும் தங்கள் பேரைப் பிரித்து அறிந்தன. எழுந்து வந்தவையும் பதிலுக்குக் குரல் கொடுத்தவையும் கொஞ்சம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் வீட்டில் மிளகு என்று ஒரு வயதான பெண் பூனை இருக்கிறாள். சமையலறை ஜன்னல் கிரில்லில் உட்கார்ந்து எதிர் கட்டடத்துப் புறாக்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. 'மிளகூ' என்றால் முகம் புறா பக்கமே இருக்கும். வலது காது மட்டும் மெல்லப் பின்னால் திரும்பும். வால் நுனி ஒரு தடவை கம்பியில் தட்டும். அவ்வளவுதான், கேட்டுவிட்டது. உங்கள் குட்டி கூப்பிட்டதும் ஓடி வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். காதைப் பாருங்கள்.

அடுத்து, பேரின் ஓசை. நாம் யாரையாவது தூரத்திலிருந்து கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுக்கிறோம். முத்தூ, சீனூ, குட்டீ, ராஜா... இழுக்க இழுக்கக் குரல் வீட்டின் கடைசி அறை வரைக்கும் போகும். 'ஆலிவர்', 'டைகர்' இரண்டும் 'ர்' என்று முடிகின்றன. இழுக்க முடியாது. பத்தே நாளில் ஆளுக்கு ஒரு விதமாக 'ஆலி', 'ஆலூ', 'டைகூ' என்று சுருக்கிவிடுவீர்கள், குட்டி எந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கும். இரண்டு மூன்று எழுத்தில், இழுத்துக் கூப்பிட வசதியாக முடிகிற பேர்தான் தமிழ் வீட்டுக்குச் சரிப்படும். இது இத்தனை வருஷமாகப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

'டேய்' மட்டும் வேண்டாம். அது கெட்ட சொல் என்பதால் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். "டேய், ஸ்கூல் பேக் எங்கடா", "டேய், போனைக் கீழ வை" என்று ஒரு நாளைக்கு எத்தனை டேய் காதில் விழும்! ஒவ்வொரு தடவையும் குட்டி திரும்பிப் பார்க்கும், ஒன்றும் கிடைக்காது. கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தையே விட்டுவிடும். வீட்டில் இருக்கிறவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அடிக்கடி வந்துபோகும் பக்கத்து வீட்டுக் குழந்தை, இவர்கள் பேரோடு ஒலிக்கிற பேரும் இதனால்தான் கூடாது. மீனு இருக்கும் வீட்டில் சீனு வேண்டாம்.

சரி, பிள்ளைகளை என்ன செய்வது? அவர்கள் ஒரு பட்டியல் எழுதட்டும். பாட்டி சமையலறையில் நின்றபடியே ஒவ்வொரு பேரையும் பால்கனி வரை கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பார்க்கட்டும். கையில் கரண்டி இருக்கும்போது, அடுப்பில் ரசம் பொங்கும்போது எந்தப் பேர் தடங்கல் இல்லாமல் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவரை விடவே மனசில்லை என்றால் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர் என்று வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம். கிளினிக்கில் 'ஆலிவர்' என்று கூப்பிட்டால் எழுந்து போகப்போவது நீங்கள்தான், குட்டி இல்லை.

வாட்ச்மேனைத் திருத்தவேண்டாம். மனி, மாவு எல்லாம் மராத்தி வீடுகளில் பூனையைச் செல்லமாகக் கூப்பிடும் பேர்கள். நம் ஊரில் எந்தப் பூனையைப் பார்த்தாலும் 'பூசி' என்பது போலத்தான். அவர் பார்க்கிங்கில் அதற்கு ஏதாவது ஒரு வாய் வைத்திருப்பார், அதனால் அந்தக் குரலும் அதற்குப் பிடித்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் எல்லோரும் ஒரே பேரைச் சொன்னால் போதும்.

பேர் முடிவானதும், தட்டைக் கீழே வைப்பதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். பத்துத் தடவை சொன்னால் அது காற்றாடிச் சத்தத்தோடு சேர்ந்துவிடும். மாத்திரை கொடுக்க, நகம் வெட்ட, கூடைக்குள் போட்டு டாக்டரிடம் தூக்கிப் போக, இதற்கெல்லாம் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நீங்களே எழுந்து போய் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கும் பேர் வேண்டாம். ஒரு தடவை ஏமாந்தால் பூனை வெகுநாள் நினைவில் வைத்திருக்கும்.

பேர் ஒன்றும் சொல்லாமல் விட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். மும்பைத் தமிழ் வீடுகளில் நான் கேட்டு ரசித்தவை சில: பட்டாணி, சுண்டல், முத்து, வேலு, குண்டு, ஜீரா. சயனில் ஒரு வீட்டில் பாங்டா (நம் கானாங்கெளுத்தி மீன்) என்று ஒரு பூனை இருந்தது. அந்த மீனைத் தவிர வேறு எதையும் தொடாதாம்!

*ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு குட்டிகள், ஒரு ஆண், ஒரு பெண். கண்ணன், கண்ணம்மா என்று வைக்கலாமா?*
*வாசகர், வாஷி*

அழகாக இருக்கிறது, ஆனால் வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால் எப்போது கூப்பிட்டாலும் இரண்டும் திரும்பும், அல்லது இரண்டுமே திரும்பாது. நான் மேலே சொன்ன ஆய்வில் பூனைகள் நிறைய உள்ள ஒரு காபிக் கடையிலும் சோதித்தார்கள். அந்தப் பூனைகளால் மற்றச் சொற்களிலிருந்து தங்கள் பேரைப் பிரிக்க முடிந்தது, கூட இருக்கிற பூனைகளின் பேர்களிலிருந்து பிரிக்க முடியவில்லை. கண்ணனை அப்படியே வைத்துக்கொண்டு தங்கைக்கு வேறு ஓசையில் தேடுங்கள். பட்டு, ரோஜா, தேனு...

*நான் தனியாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர் வெளிநாடு போகும்போது அவருடைய ஐந்து வயதுப் பெண் பூனையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேர் 'பிரின்சஸ்'. பால்கனியில் நின்று அப்படிக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாற்றலாமா? வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறாள்.*
*வாசகர், கோரேகாவ்*

மாற்றலாம் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி. அவளுடைய வீடு போய்விட்டது, ஆள் போய்விட்டார், சோபாவின் வாசனை போய்விட்டது. கூட வந்தது இந்த ஒரு சத்தம்தான். அதையும் பிடுங்கிவிடாதீர்கள். கூச்சத்தை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அந்தப் பேரையே சொல்லித் தட்டை வையுங்கள். எட்டிப் பார்க்கவோ இழுக்கவோ வேண்டாம். முடிந்தால் பழைய வீட்டுப் போர்வையோ துண்டோ ஒன்றை உங்கள் நண்பரின் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, துவைக்காமல் அப்படியே கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

அவளாக வெளியே வந்து, உங்கள் எதிரில் சாப்பிட்டு, உங்கள் காலில் உரசிக்கொண்டு போகத் தொடங்கியபின் மாற்றத்தை ஆரம்பிக்கலாம். பழைய பேரின் முதல் ஓசையை விடாமல் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்சஸுக்கு 'பிஞ்சு' பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. கொஞ்ச நாளைக்கு 'பிரின்சஸ், பிஞ்சு' என்று சேர்த்தே சொல்லுங்கள். அப்புறம் 'பிஞ்சு, பிரின்சஸ்'. கடைசியில் பிஞ்சு மட்டும். அவசரம் இல்லை. விலங்குகள் காப்பகத்தில் ஒப்புக்கு ஒரு பேர் வைத்து அனுப்பிய பூனை என்றால் இவ்வளவு பார்க்கவேண்டாம், வந்த அன்றே மாற்றிவிடலாம்.

*எனக்கு எழுபது வயதாகிறது. மகள் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்ததால் லட்சுமி என்று கூப்பிட ஆசை. என் தங்கை, "பூனைக்கு அம்பாள் பேரா? பாவம்" என்கிறாள். எனக்கு உறுத்தலாக இருக்கிறது.*
*வாசகி, மாட்டுங்கா*

அம்மா, தாராளமாகக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு லட்சுமி என்று பேர் வைக்கிறோம், கோயில் யானைக்கு வைக்கிறோம், யாரும் குறை சொல்வதில்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனமே பூனைதான். உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். குட்டி திரைச்சீலையில் ஏறும், சுவாமி மாடத்துப் பூவை இழுக்கும். அப்போது "லட்சுமி, சனியனே இறங்கு" என்று வாயில் வந்துவிட்டால் உங்களுக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது. அப்படிச் சொல்லக்கூடியவர் என்றால் வேறு பேர் பாருங்கள். இல்லை, எனக்குக் கோபமே வராது என்றால் லட்சுமிதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். துணைக்கு வந்தவளுக்குப் பாலும் தயிர் சாதமும் மட்டும் போடாதீர்கள். வளர்ந்த பூனைகளில் நிறையப் பேருக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். உடம்பு தேறுவதற்கு மாமிச உணவு கட்டாயம். வீட்டில் சமைக்க மனம் ஒப்பவில்லை என்றால் பூனைகளுக்கென்று கடையில் விற்கிற உணவை மகளிடம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

*மூன்று நிறத்தில் ஒரு குட்டி. பாண்டி என்று பேர் வைத்துக் கூப்பிட்டுப் பழக்கியும் விட்டேன். டாக்டர் பெண் என்கிறார். மாற்றவேண்டுமா?*
*மாணவர், தாராவி*

வேண்டவே வேண்டாம். பாண்டி என்றால் ஆண் என்று அவளுக்குத் தெரியாது, திரும்பிப் பார்க்கிறாள் அல்லவா, அது போதும். ஆனால் இனிமேல் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் சேர்ந்த பூனை கிட்டத்தட்ட எப்போதுமே பெண்ணாகத்தான் இருக்கும். ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும். ஆணுக்கு ஒன்றுதான். ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கிற அபூர்வமான ஆண் பூனைகள் போன்றவை விதிவிலக்கு. முழு ஆரஞ்சுப் பூனைகளில் ஆண்களே அதிகம் என்பதற்கும் இதுதான் காரணம்.

பெண் என்பதால் பேரைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நாலைந்து மாதத்திலேயே பெண் பூனை சினையாகிவிடலாம். கருத்தடை எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

*எங்கள் மணி பதினான்கு வருஷம் எங்களோடு இருந்தான். சிறுநீரகம் கெட்டுப்போய் தீபாவளிக்கு முன் இறந்துவிட்டான். இப்போது வந்திருக்கும் குட்டி அச்சு அசல் அவனைப் போலவே இருக்கிறது. அதே பேரை வைக்கலாமா?*
*வாசகி, டோம்பிவிலி*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்த ஆசை வருவது இயற்கை. ஆனாலும் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

'மணி' என்று கூப்பிடும்போது உங்கள் மனசு பதினான்கு வருஷத்து மணியை எதிர்பார்க்கும். அவன் எந்த நேரத்துக்கு எந்த வாசலில் நிற்பான், எந்தத் தோளில் ஏறுவான் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் குட்டிக்கு அது ஒன்றும் தெரியாது. தோளில் ஏறாமல் பீரோவுக்கு மேல் ஏறும். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குச் சின்னதாக ஒரு ஏமாற்றம் வரும், அது குட்டியின் தப்பு இல்லை. புதிதாக வந்தவனுக்கு அவனுக்கென்றே ஒரு பேர் கொடுங்கள். கொஞ்ச நாள் பேரே இல்லாமல் வைத்திருந்து, அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வைத்தாலும் சரி. மணியைப் பற்றிப் பேசவேண்டும் என்று தோன்றும்போது எனக்கு எழுதுங்கள். படிக்கிறேன்.

*சுத்த வெள்ளைப் பூனை, இரண்டு கண்ணும் நீலம். 'பனி' என்று பேர் வைத்தோம். எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேர் பிடிக்கவில்லையா?*
*வாசகர், முலுண்டு*

பனிக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பிறவியிலேயே காது கேளாதவை நிறைய. 1859-ல் வந்த டார்வினின் நூலிலேயே இது பற்றிய குறிப்பு இருக்கிறது. எல்லா நீலக் கண் வெள்ளைப் பூனைக்கும் அப்படி இல்லை என்பது பிற்பாடு தெரியவந்தது. ஒரு கண் மட்டும் நீலமாக இருந்தால் அந்தப் பக்கத்துக் காது மட்டும் கேளாமல் இருப்பதும் உண்டு.

அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நிழலும் காற்றும் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதைப் பாருங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், அதிர்வைப் பாதத்தில் உணர்ந்துவிடும். வேறு வேறு நேரத்தில் செய்து பார்த்தும் காது அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்காது என்று தெரிந்தால் சோர்ந்துபோகாதீர்கள். கேளாத பூனைகள் நன்றாக வாழ்கின்றன. கூப்பிடுவதற்கு ஒரு அடையாளத்தை வையுங்கள்: விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுவது, தரையில் உள்ளங்கையால் தட்டுவது, கையை ஒரே மாதிரி அசைப்பது. மற்றப் பூனைகளுக்குப் பேரைச் சொல்லித் தட்டு வைப்பது போல, இவளுக்கு அந்த அடையாளத்தைக் காட்டித் தட்டு வையுங்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பவேண்டாம், திடுக்கிட்டுக் கடித்துவிடுவாள். படுத்திருக்கும் மெத்தையை லேசாக அழுத்துங்கள். முக்கியமாக, வெளியே விடவே கூடாது. வண்டி வருவது அவளுக்குத் தெரியாது. பனி என்ற பேர் இருக்கட்டும். அவளைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு பேர் வேண்டும்.

*எங்கள் கட்டடத்தைச் சுற்றி இருக்கும் பூனைகளுக்கு ராத்திரி சாப்பாடு வைக்கிறேன். அவற்றுக்கும் பேர் வைத்தால் பாசம் அதிகமாகிவிடும், வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். உங்கள் கருத்து?*
*வாசகி, காட்கோபர்*

வையுங்கள். பேர் இல்லாத பூனை காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. 'கறுப்புப் பூனை ஒன்று இருந்ததே' என்பதோடு முடிந்துவிடும். 'பட்டாணி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை' என்று தெரிந்தால்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடுவீர்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு பூனை. பேர், நிறம், ஆணா பெண்ணா, வாலில் காதில் ஏதாவது அடையாளம், கடைசியாகச் சாப்பிட வந்த தேதி. ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆனது என்று அர்த்தம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டு இல்லாத பெண் பூனைகளின் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, உங்கள் பகுதியில் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் அமைப்பிடம் அந்த நோட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பிடிக்க வருகிறவர்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று ராத்திரி இருட்டில் சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.